மாசம் என்ன ஆகும்? மகளுக்கு ஒரு கார் கணக்கு

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் நலமா? நீ அனுப்பிய ஆல்ட்டோ 800 படத்தைப் பார்த்தேன். 2016 மாடல், 2,20,000 ரூபாய், வண்டி பளிச்சென்று இருக்கிறது. மழையில் ஸ்கூட்டரில் குட்டியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போகிறீர்களே என்று எனக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்கிறது. அதனால் வாங்காதே என்று சொல்ல இதை எழுதவில்லை. "பெட்ரோல் ஐயாயிரம், டியூ ஐயாயிரம், அவ்வளவுதாம்மா" என்றாயே, அந்தக் கணக்குதான் எனக்குச் சரிப்படவில்லை.

நாமக்கல்லில் லாரி ஆபீஸில் ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பேரேடு வைத்திருந்தோம். டயர் எப்போதோ ஒருமுறை மாற்றுவதுதான். ஆனாலும் ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ட்ரிப்புக்கு ட்ரிப் டயர் பணத்தை எடுத்து வைக்கச் சொல்வார் முதலாளி. இன்சூரன்ஸ், வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கும் எஃப்.சி., காலாண்டு வரி எல்லாவற்றையும் மாசத்துக்குப் பிரித்துத்தான் எழுதுவோம். அப்படி ஒதுக்காத ஓனர்கள் டயர் வெடித்த அன்றைக்கு வட்டிக்கு அலைந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். காருக்கும் அதே பேரேடுதான்.

முதலில் விலை. கொடுத்த 2,20,000 மொத்தமும் செலவு இல்லை, திரும்ப வராத பங்குதான் செலவு. நாலு வருஷம் ஓட்டி விற்றால் 1,20,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள். மாசம் 2,080 தேய்ந்து போகிறது. விற்கும்போது 1,20,000-க்குமேல் எதிர்பார்க்காதே. 2031-இல் அந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்துவிடும். எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். வாங்க வருகிறவன் அதைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பான்.

டியூவிலும் அசலை விட்டுவிடு, அது வண்டி விலையில் வந்துவிட்டது. வட்டியை மட்டும் எடு. 1,50,000 கடன், 14 சதவீதம், மூணு வருஷம் என்றால் வட்டி மட்டும் 34,500 வரும். நாலு வருஷத்துக்குப் பிரித்தால் மாசம் 720.

இன்சூரன்ஸ் விஷயத்தில் கவனம், கண்ணு. 1000 சிசிக்குள் உள்ள காருக்கு, நம் வண்டி இடித்து அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான தர்ட் பார்ட்டி மட்டும் 2,094 என்று 2022-இல் அரசு வைத்த கட்டணம், அதற்குமேல் ஜி.எஸ்.டி. நம் வண்டிக்கும் சேர்த்து ஃபுல் இன்சூரன்ஸ் போட்டால் வருஷத்துக்கு ஏழாயிரம் பக்கம் வரும், மாசம் 580. விற்கிறவர் தன் பாலிசியைக் காட்டி "நாலாயிரம்தான்" என்பார். அவர் க்ளெய்ம் பண்ணாமல் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ் அதில் கழிந்திருக்கும். அந்த போனஸ் அவருக்குத்தான், வண்டியோடு உனக்கு வராது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உன் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடு. தள்ளிப்போட்டு அதற்குள் எங்கேயாவது இடித்தால், நம் வண்டிக்கான பணம் வருவது கஷ்டம்.

பெட்ரோலுக்கு கம்பெனி சொல்கிற மைலேஜை வைக்காதே. சென்னை டிராஃபிக்கில் ஏ.சி. போட்டு ஓட்டினால் 16 கொடுத்தாலே நல்ல வண்டி. மாசம் 800 கிலோமீட்டருக்கு 50 லிட்டர், 5,050 ரூபாய். நாலு டயர் 13,000, 40,000 கிலோமீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு 33 பைசா என்றால் மாசம் 260. சர்வீஸ் 500, பேட்டரிக்கு 100, பார்க்கிங்கும் வண்டி துடைக்கிறவருக்கும் 1,500, டோல் 300.

பாக்கி இருப்பது ரிப்பேர். இதைத்தான் எல்லாரும் பூஜ்யம் என்று போடுகிறார்கள். பத்து வருஷ வண்டியில் கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏ.சி. கூலிங் காயில், ரேடியேட்டர் எல்லாமே வயசான சாமான். எது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, ஒன்று மாற்றி ஒன்று போகும் என்பது மட்டும் தெரியும். மாசம் 1,500 எழுது. இந்த மாசம் செலவாகவில்லை என்றால் மிச்சம் என்று நினைத்துவிடாதே, அது அடுத்த கிளட்சுக்கான பணம்.

கூட்டிப் பார்த்தேன், 12,600 வருகிறது. கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 16 ரூபாய். சரி, கொஞ்சமாக ஓட்டினால் குறையுமே என்பாய். மாசம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறாய் என்றால் பெட்ரோல் 1,900-க்கு இறங்கும். தேய்மானமும் வட்டியும் இன்சூரன்ஸும் பார்க்கிங்கும் இறங்காது. எப்படியும் 8,500 ஆகிவிடும். அப்போது கிலோமீட்டருக்கு 28 ரூபாய். நின்றுகொண்டிருக்கிற வண்டிக்கும் செலவு உண்டு என்பதை மாப்பிள்ளையிடமும் சொல். தினமும் ஆபீஸுக்கும் குட்டியின் ஸ்கூலுக்கும் எடுப்பதாக இருந்தால் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் கால் டாக்ஸியே போதும்.

உங்கள் இருவர் சம்பளத்தில் 12,600 முடியாத காசு இல்லை. ஆனால் டியூவும் பெட்ரோலும் போக, தேய்மானத்தை விட்டு மற்றதற்கெல்லாம் மாசம் 4,740 தனிக் கணக்கில் போட்டுவிடு. வண்டி வாங்கும் அன்றே அதில் 20,000 இருக்க வேண்டும். கையில் காசில்லாமல் வழுவழு டயரோடு என் பேத்தியை ஏற்றிக்கொண்டு நீங்கள் நாமக்கல் வருவதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போகும்போது டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், பார். 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்தது. மேலே உள்ள பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற வரிப்பள்ளம்) தேயாமல் இருந்தாலும் அது பழைய டயர், விலையில் 13,000 குறைத்துக் கேள். ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பார்க்கச் சொல். ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா