மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்வது குறித்துப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்து, விடைத்தாள்களும் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஒரு முக்கியமான விஷயம். அழைத்துப்போக நேரமாகும் என்றால், "பெரியகுளத்தில் விளையாடிக்கொண்டிரு, வந்து கூட்டிக்கொள்கிறேன்" என்று சிலர் சொல்லி அனுப்புகிறீர்கள். கோவை உக்கடத்தில் உள்ள இந்தக் குளக்கரை இப்போது நடைபாதையும் விளக்குமாக அழகாக இருக்கிறது, பள்ளிக்கும் பக்கம். குடும்பத்தோடு போய் உட்கார அருமையான இடம்தான். பிள்ளையைத் தனியாக விட்டுவைக்கிற இடமில்லை.

போன வாரம் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் பையைக் கரையில் வைத்துவிட்டு, தடுப்பைத் தாண்டிச் சரிவில் இறங்கியிருக்கிறான். ஆகாயத்தாமரை மேல் கிடந்த பந்தை எடுக்கவாம். பச்சைப் பசேலென்று தரைபோலத் தெரியும். அடியில் தண்ணீரும் சேறும்தான். கரையில் பொரி விற்கும் அம்மா ஓடிப்போய் இழுத்துப் பிடித்து, பள்ளியில் கொண்டுவந்து விட்டார். அவன் ஒரு காலில் முழங்கால் வரை சேறு.

இது மழைக்காலம். உக்கடத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளியங்கிரி மலையில் மழை கொட்டும். அந்த மலையில் பிறக்கும் நொய்யல் ஆற்றில் வரும் வெள்ளத்தை வாய்க்கால் வழியாக வாங்கித் தேக்கி, நிரம்பியதும் வாலாங்குளத்துக்கு அனுப்புகிற குளம் இது. இப்படிக் குளங்கள் வாங்கிக்கொள்வதால்தான் ஊருக்குள் வெள்ளம் குறைகிறது. அதனால், நேற்று பிள்ளைகள் நின்ற இடத்தில் இன்று தண்ணீர் இருக்கலாம். மழை பெய்யவில்லையே என்று நம்பி இறங்கக் கூடாது.

கரையும் மண் கரை. அலை அரிக்காமலிருக்கத்தான் உள்சரிவில் கல் பதித்திருக்கிறார்கள். நம் மாணவர்கள் சிலர் அதைப் பெயர்த்துத் தண்ணீரில் எறிகிறார்கள். ஒரு கல் போனால் அங்கே மண் அரித்துப்போகும், பக்கத்துக் கல்லும் ஆடும். 2013-இல் ஆயிரக்கணக்கானோர் கூடித் தூர்வாரிய குளம் இது. உங்களில் சிலரும் அன்று மண் சுமந்திருப்பீர்கள். வீட்டில் இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

திங்கள்கிழமை முதல், அழைக்க ஆள் வராத எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்டாது. மாலை 5.30 வரை ஓர் ஆசிரியர் உடனிருப்பார். அதற்கு மேல் தாமதமானால் நீங்களே உள்ளே வந்து கையெழுத்திட்டு அழைத்துப்போக வேண்டும். "குளத்துக்கு அனுப்பிவிடுங்கள்" என்று போனில் சொன்னால் அனுப்ப மாட்டோம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

தீபாவளி நேரத்தில் ஒப்பணக்கார வீதிக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நேரத்துக்குக் கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள், சரியான ஏற்பாடு செய்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப்போகும் பெற்றோருக்கும், கடைசிப் பிள்ளை ஏறும்வரை பொறுமையாக நிற்கும் ஆட்டோ அண்ணன்களுக்கும், அந்தப் பொரிக்கடை அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்