உமிச் சாம்பலில் ஒரு பற்றரி

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக அறுவடை முடிந்ததும் சம்மாந்துறையில் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைத் துணிகளில் சாம்பல் படியத் தொடங்கிவிடும். விரலால் தடவினால் நரநரக்கும். பக்கத்து அரிசி ஆலையின் உமிச் சாம்பல் அது. நரநரப்புக்குக் காரணம் மணலிலும் இருக்கும் சிலிக்கா. நன்றாக எரிந்த உமியின் சாம்பலில் ஏறக்குறைய 90 வீதம் அதுதான்.

அதைச் சுத்திகரித்து மக்னீசியத்துடன் சூடாக்கினால் சிலிக்கன் கிடைக்கும். இன்றைய லிதியம் அயன் பற்றரிகளில் பெரும்பாலும் கிராபைட்டே எதிர்மின்வாயாக, அதாவது மின்னேற்றும்போது லிதியத்தை உள்வாங்கும் முனையாக, இருக்கிறது. அதே எடையுள்ள சிலிக்கன், கோட்பாட்டளவில், சுமார் 10 மடங்கு மின்னேற்றத்தைத் தாங்கும். ஆனால் மின்னேற்றும்போது மூன்று மடங்குக்கும் மேலாகப் பருத்து நொறுங்கிவிடுகிறது. உமியிலிருந்து பெறும் சிலிக்கனில் இயல்பாகவே நுண்துளைகள் இருப்பதால் பருப்பதற்கு இடம் கிடைக்கிறது. ஆய்வாளர்கள் உமியை நாடுவது இதனால்தான்.

2030இல் மின்சாரத்தில் 70 வீதம் வெயில், காற்று, நீர் போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பது இலங்கையின் இலக்கு. இரவில் வெயில் ஏது? சேமித்து வைக்கப் பற்றரி வேண்டாமா?

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த ஆய்வுக்கென இரண்டுக்கும் கருவிகளும் நிதியும் ஒதுக்குமாறு அம்பாறை, மட்டக்களப்புப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்திலேயே கேட்க வேண்டும். சாம்பலுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

வாசகர் ஒருவர்,
சம்மாந்துறை.