தாத்தாவ தாங்கிப் பிடிச்ச அண்ணாச்சிக்கு நன்றி

எங்க தாத்தா போன வாரம் கர்த்தருக்குள்ள நித்திரையாயிட்டாவ, வயசு 88. மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்து 1971 சண்டைய பாத்தவங்க, ரிட்டயர்டு ஆகி ஊருக்கு வந்தப்புறம் ஆச்சி, பிள்ளைங்க, பாளை ஊசிக்கோபுரம் சர்ச்சு இதான் அவங்களுக்கு எல்லாம். ஞாயித்துக்கெழம ஷூ பாலீஷ் போடாம வாசல தாண்ட மாட்டாவ, பட்டாளத்துப் புத்தி.

கடைசியா ஆராதனைக்கு போனப்போ படியில தலைசுத்தி சரிஞ்சவங்கள தாங்கிப் பிடிச்சு, கழண்ட ஷூவையும் எடுத்து மாட்டி, லேஸ் கட்டிவிட்டு, ஆட்டோல வீடுவரைக்கும் கூடவே வந்துட்டு ஆச்சி குடுத்த காப்பியக்கூட வேண்டாம்னு போயிட்டீங்களே அண்ணாச்சி, பேருகூட சொல்லல. "அந்தத் தம்பி எந்த யூனிட்டு"ன்னு தாத்தா கேட்டுக்கிட்டே கெடந்தாவ.

ரொம்ப நன்றி அண்ணாச்சி. அடக்க ஆராதனைக்கு வந்திருந்தீங்களோ என்னவோ, கூட்டத்துல கவனிக்கல. இவர தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லிருங்க.