பனிச்சறுக்குத் தலங்களின் பசுமைக் கணக்கில் விமானப் பயணமும் இடம்பெறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையை முன்னிட்டு, சுற்றுச்சூழலைப் பேணும் பனிச்சறுக்குத் தலங்களைப் பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கூரையில் சூரிய மின்தகடுகள், மின்சாரப் பேருந்துகள், ஞெகிழி இல்லாத உணவகங்கள் என அத்தலங்களின் முயற்சிகளைக் கட்டுரையாளர் பொறுமையாக விவரித்திருந்தார். ஆயினும், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம் அங்கே எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பனியைக் காண ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் பறந்து ஜப்பானின் ஹொக்கைடோவுக்குச் செல்லும் வாசகர்களுக்காக எழுதப்படும் கட்டுரையில் அதுவே முதலில் வந்திருக்க வேண்டும்.

அம்முயற்சிகள் வெறும் விளம்பரம் என்று நான் கூறவில்லை. அவற்றுள் சில உண்மையிலேயே வியக்கத்தக்கவை. சுவிட்சர்லாந்தின் டென்னா என்னும் சிற்றூரில் 2011ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும், சறுக்குவோரைச் சரிவின் மேலே இழுத்துச் செல்லும் இழுவை வடத்தின் மேலேயே சூரிய மின்தகடுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது தனக்குத் தேவையானதைவிட அதிக மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது. கனடாவின் விஸ்லர் பிளாக்கோம் தலத்தில் ஃபிட்ஸிமன்ஸ் ஓடையின் நீரைக் கொண்டு இயங்கும் சிறு புனல்மின் நிலையம் 2010ல் திறக்கப்பட்டது. அத்தலம் ஓராண்டில் பயன்படுத்தும் மின்சாரத்திற்கு ஏறத்தாழ ஈடான அளவை அந்நிலையம் தருகிறது. இவ்வகையில் என்னை மிகவும் கவர்ந்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஆஸ்பென் நிறுவனத்தின் செயல். தன் மலைச்சரிவை விட்டு வெளியே சென்று, சமர்செட் என்னும் ஊருக்கு அருகிலிருக்கும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கசியும் மீத்தேன் வாயுவைப் பிடித்து எரித்து மின்சாரமாக்கும் 3 மெகாவாட் நிலையத்தில் அது 2012ல் முதலீடு செய்தது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கக்கூடியது என்பதால், காற்றில் கலந்திருக்க வேண்டிய அவ்வாயுவை எரிப்பதே பெரிய நன்மை. கிடைக்கும் மின்சாரம் அதற்கு மேல் ஒரு வரவு. விருந்தினர் கண்ணில் படாத இடத்தில் பணத்தைச் செலவிட முன்வந்த ஒரு தலத்தை, உணவகக் குவளைகளை மாற்றிய தலத்தோடு ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமாகாது.

கட்டுரை பாராட்டியிருந்த மற்றொன்று செயற்கைப் பனி. “குறைந்த மின்சாரத்தில் இயங்கும் நவீன இயந்திரங்கள்” என்று அதில் குறிப்பிடப்பட்டிருந்தது. இயந்திரங்கள் மேம்பட்டிருப்பது உண்மைதான். ஆனால், நுண்துளிகளாகப் பீய்ச்சப்படும் நீர் தரையைத் தொடுமுன் உறைய வேண்டுமானால், காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படும் ஈரக்குமிழ் வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 2 டிகிரி கீழேயாவது இறங்க வேண்டும் என்ற இயற்பியல் விதியை எந்த இயந்திரமும் மாற்றிவிடாது. தண்ணீரின் அளவையும் கவனிக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் சரிவில் 30 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பனி பரப்ப ஏறத்தாழ 10 இலட்சம் லிட்டர் நீர் செலவாகிறது. சிங்கப்பூரில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குப் பயன்படுத்தும் நீர் ஏறத்தாழ 140 லிட்டர் என்று கொண்டால், அது ஒருவருக்கு 20 ஆண்டுகள் வரை போதும். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரையும் கடல்நீர்ச் சுத்திகரிப்பையும் நம்பி வாழும் நமக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பனி உருகியபின் அந்நீரில் பெரும்பகுதி மண்ணுக்கும் ஓடைக்கும் திரும்பிவிடுகிறது என்று தல நிர்வாகங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால், நீரோட்டம் மிகக் குறைந்திருக்கும் குளிர்காலத்தில் அது எடுக்கப்படுகிறது என்பதையும், அதற்காக மலைமேல் குளங்கள் வெட்டப்படுகின்றன என்பதையும் அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. பிரான்சின் லா குளூசா தலத்தில் அத்தகைய ஒரு குளத் திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நிர்வாக நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் சறுக்குப் போட்டிகள் ஏறக்குறைய முழுவதும் செயற்கைப் பனியின்மீதே நடைபெற்றன.

எனவே, செயற்கைப் பனியை ஒரு தொழில் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடாகவே பார்க்க வேண்டும். அதைச் சுற்றுச்சூழல் காப்பின் கணக்கில் வைக்கக்கூடாது. ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்குத் தலங்களை ஆராய்ந்து 2023ல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் ஆய்விதழில் வெளியான கட்டுரை, புவி வெப்பம் 2 டிகிரி உயர்ந்தால் அவற்றுள் 53 விழுக்காடு பனிப் பற்றாக்குறையின் மிக உயர்ந்த அபாயத்துக்கு உள்ளாகும் என்கிறது. சரிவுகளில் பாதிக்குச் செயற்கைப் பனி அளித்தால் அது 27 விழுக்காடாகக் குறையும். வெப்பம் 4 டிகிரி உயர்ந்தாலோ செயற்கைப் பனியுடனும் 71 விழுக்காட்டுத் தலங்களுக்கு அந்த அபாயம் உண்டு. இதை ஏற்றுக்கொண்டு திட்டமிடும் தலங்கள் மிகச் சில. பிரான்சின் ஜூரா மலைத்தொடரிலுள்ள மெத்தாபியே, 2030க்கும் 2035க்கும் இடையில் மலைச்சரிவுச் சறுக்கை முடிவுக்குக் கொண்டுவரும் நோக்குடன் இப்போதே மாற்றுத் தொழில்களைத் தேடிவருகிறது. பசுமைத் தலங்களின் பட்டியலில் அந்த ஊருக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

இந்தப் புவி வெப்பத்தில் சிங்கப்பூர்ப் பயணிகளான நம் பங்கு பெரிதும் விமானத்தில்தான் இருக்கிறது. ஒரு பனிச்சறுக்கு விடுமுறையால் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு விருந்தினர்கள் வந்துபோகும் பயணத்தைச் சார்ந்தது; சரிவுகளைச் சமன்படுத்தும் வாகனங்களும் இழுவை வடங்களும் அதில் சிறு பங்கே வகிக்கின்றன. ஐரோப்பியர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. கார்கள் அனுமதிக்கப்படாத சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் போன்ற ஊருக்கு அவர்கள் ரயிலேறிப் போகலாம். சாங்கியிலிருந்து ஹொக்கைடோவின் சப்போரோவுக்கு ரயில் கிடையாது. சிக்கன வகுப்பில் சென்று திரும்பும் ஒருவரின் பங்காக அரை டன்னுக்குக் குறையாத கரியமில வாயு வெளியாகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது 2 டன்னைத் தாண்டிவிடும். 2026 முதல் டன்னுக்கு 45 வெள்ளி என உயரும் நமது கரிம வரி, அனைத்துலக விமானங்களின் எரிபொருளுக்குப் பொருந்தாது. கழிவு எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாரிக்கப்படும் நீடித்த நிலைத்தன்மைமிக்க விமான எரிபொருளைக் கலப்பதற்கு 2024ல் அறிவிக்கப்பட்ட இலக்கோ 2026ல் 1 விழுக்காட்டில் தொடங்கி, 2030ல் 3 முதல் 5 விழுக்காட்டை எட்டுவது. அந்த எரிபொருளைத் தயாரிக்கும் உலகின் பெரிய ஆலைகளுள் ஒன்று துவாஸில் இருக்கும் நமக்கே இதுதான் நிலை என்றால், தலத்து விடுதி அறையில் துண்டை இருமுறை பயன்படுத்தி எவ்வளவு ஈடுகட்ட முடியும்?

பிள்ளைகள் பனியையே பார்க்கக்கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆண்டுதோறும் நான்கு நாள் சென்று திரும்புவதற்குப் பதிலாகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுமுறையாகச் செல்வது விமானப் பயணங்களைக் குறைக்கும். செயற்கைப் பனியை அதிகம் நாடாமல், இயற்கையாகவே ஏராளமாகப் பனி பொழியும் ஹொக்கைடோவின் நிசேக்கோ போன்ற இடங்களைத் தேர்ந்தெடுப்பது தண்ணீரை மிச்சப்படுத்தும். அங்குள்ள குச்சான் நகராட்சி 2019ஆம் ஆண்டு நவம்பரில் 2 விழுக்காடு தங்கும் வரியை அறிமுகப்படுத்தியது. முன்பதிவின்போது அதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், வெளியூர்க் கூட்டத்தின் சுமையை ஒரு சிறு நகரம் தாங்குவதற்கான செலவாக அதைக் கருதலாம். தாயகத் தொடர்பால் இந்தியாவின் காஷ்மீரிலுள்ள குல்மார்க் செல்லத் திட்டமிடும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 2024 ஜனவரியில் அங்கே சரிவுகள் பனியின்றி வறண்டு கிடந்தன. முன்பணம் கட்டுமுன் பனி நிலவரத்தை விசாரித்துக்கொள்வது பணப்பைக்கும் நல்லது.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, சிங்கப்பூரிலிருந்து சென்றுவர ஒருவரின் பங்காக வெளியாகும் கரியமில வாயுவின் அளவையும், அத்தலம் செயற்கைப் பனிக்கு எங்கிருந்து நீர் எடுக்கிறது என்பதையும் கேட்டுப் பெற்று, விடுதிக் கட்டணத்தின் பக்கத்திலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன். பயண முகவர்கள் தரும் விளம்பரச் சிறப்புப் பக்கங்களிலும் அதே நடைமுறையைப் பின்பற்றலாம். கேட்டும் விவரம் தராத தலங்களை, “விவரம் அளிக்கப்படவில்லை” என்ற குறிப்புடன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்