பராமரிப்புப் பணியும் ஒரு தொழிலே

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதத்தால் படுத்த படுக்கையான என் தாயாரை ஈராண்டுகள் கவனித்துக்கொண்ட பெண்மணி, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதையும், விழுங்கச் சிரமப்படுபவருக்குப் பதமறிந்து கஞ்சி ஊட்டுவதையும் அனுபவத்தால் மட்டுமே கற்றிருந்தார். ஆனால், உறவினர் பலருக்கும் அவர் 'வேலைக்காரம்மா'தான். அது இன்றும் என்னை வருத்துகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணச் சிகிச்சையும் வீடு தேடி வருவது பெரும் ஆறுதல். ஆயினும், இரவு பகலாக நோயாளியின் அருகிலிருப்போர் இத்தகைய பராமரிப்பாளர்களே. பிளஸ் டூ முடித்த இளைஞர்கள், ஆண்கள் உட்பட, இப்பணியை விரும்பித் தேர்ந்தெடுக்கும் வகையில், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உதவித்தொகையுடன் நேரடிப் பயிற்சியும், பயின்றவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் வார விடுப்பும் அரசு உறுதிசெய்ய வேண்டும்.

- வாசகர் ஒருவர், திருச்சி.