பள்ளிச் சுவரில் ஒன்றையாவது பிள்ளைகளிடம் விடுங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் சுவர் எழுதும் தொழில் செய்பவன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு கடை போர்டு, கட்சி விளம்பரம் எல்லாம் குறைந்துபோய் எங்களுக்கு இப்போது கைகொடுப்பது பள்ளிக்கூடச் சுவர்கள்தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் எமல்ஷன் அடித்து, சோட்டா பீம், மயில், இந்தியா மேப், 'மரம் வளர்ப்போம்' என்று எழுதிக் கொடுத்தால் கூலி வந்துவிடும். அந்த வேலையில் ஒரு பங்கைக் குறைத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்று நானே கேட்கிறேன். கூட வேலை செய்பவர்கள் படித்தால் திட்டுவார்கள், திட்டட்டும்.

நாங்கள் சாரம் கட்டி வரையும்போது பிள்ளைகள் பின்னால் வந்து நின்றுகொள்ளும். "அண்ணா, நான் கொஞ்சம் அடிக்கட்டுமா?" என்று கேட்காத பிள்ளை கிடையாது. டீச்சர் வந்து விரட்டுவார். அப்புறம் அதே பிள்ளைகள் வகுப்புக்குப் போய், கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து நோட்டில் வரைகிறார்கள்: இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு முக்கோண மலை! ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரியும், நம் மலைகள் மொட்டைப் பாறையாக, உருண்டு திரண்டு, மழைத் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகளோடு நிற்கின்றன. அந்தக் கறுப்புக் கோடுகளை ஒரு பிள்ளை நோட்டில் வரைந்து நான் பார்த்ததில்லை. வெளியே கூட்டிப்போய்க் காட்டினால்தானே வரையும்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத்தான். நம் ஊர்களில் அந்த எண்ணிக்கையைத் தொடாத பள்ளிகள் எத்தனையோ. 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களை வேலைக்கு எடுத்தபோது வாரம் மூன்று அரை நாள்தான் வேலை என்று வைத்தார்கள், நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைக்கு ஓவிய ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை. கையில் பிரஷ் பிடித்து எது வந்தாலும் சந்தோஷப்படுகிற வயசே அதுதான்.

இதற்குப் பெயிண்ட் கம்பெனி டப்பா ஒன்றும் தேவையில்லை. சாரல் படாத வராந்தா உள்சுவர் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுங்கள் (அதைப் பெரியவர்களே செய்ய வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து). பிள்ளைகளை வயல், ஏரிக்கரை என்று கூட்டிப்போய் மண் எடுத்து வரச் சொல்லுங்கள். செம்மண் ஒரே நிறம் என்றுதான் நினைப்பார்கள். பழைய வேட்டித் துணியில் சலித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று காவி, ஒன்று செங்கல் நிறம், ஒன்று மஞ்சள் கலந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். வெறும் தண்ணீரில் குழைத்துப் பூசினால் காய்ந்ததும் கையோடு உதிரும். உதிரட்டும், ஏன் உதிர்கிறது என்று அவர்கள் கேட்கட்டும். பிறகு கருவேல மரத்துப் பிசினை ஊறவைத்துக் கலந்தால் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள்தூள் பூசினால் சிவந்துபோகும். அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, எந்த அறிவியல் பாடத்திலும் அது கிடைக்காது. இலைச் சாறு இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிவிடும். கரி மட்டும் என்றைக்கும் கைவிடாது.

முப்பது பேர் ஒரே சுவரில் வரைந்தால் சண்டை வராமல் இருக்காது. என் மாந்தோப்பு மேல் உன் பஸ் ஏறிவிட்டது என்பான் ஒருவன். மலைக்கு யார், சந்தைக்கு யார், கூத்து மேடைக்கு யார் என்று அவர்களே பேசிப் பிரித்துக்கொள்ள விட வேண்டும். பெரியவர்கள் உடனே போய்த் தீர்த்து வைத்தால் அது கூட்டு வேலையே இல்லை. இன்னொன்று, ஆட்டுக்குட்டியை பஸ்ஸைவிடப் பெரிதாக வரைவார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களைப் போய்ப் பாருங்கள். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன் கல் முழுக்க நிற்பான், மாடு ஒரு ஓரத்தில் சின்னதாக இருக்கும். அந்தச் சிற்பிக்கு அளவு தெரியாதா என்ன? யார் முக்கியமோ அவன் பெரியவன், அவ்வளவுதான். மல்லச்சந்திரத்தில் செத்தவர்களுக்காக அந்தக் காலத்தில் பலகைக் கல்லால் கட்டிய கல்திட்டைகளில் வெள்ளை நிறத்தில் தீட்டிய உருவங்களையும் பிள்ளைகள் ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், நம் மாவட்டத்தில் படம் வரைவது சோட்டா பீமிலிருந்து தொடங்கவில்லை என்று புரிந்துகொள்வார்கள்.

சுவர் அசிங்கமாகிவிடும், அதிகாரி வந்தால் என்ன சொல்வது என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடமே கேட்டார். நியாயமான பயம்தான். ஆனால் அடுத்த வருஷம் மேலே மறுபடி சுண்ணாம்பு அடித்தால் வேலை முடிந்தது, புதுப் பிள்ளைகள் புதுசாக ஆரம்பிக்கலாம். ஒரு சிப்பம் சுண்ணாம்புக்கு ஆகும் செலவு என்னுடைய ஒரு நாள் கூலியைவிடக் குறைவு. பள்ளிகளில் கலைத் திருவிழா என்று போட்டி நடத்துகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் அதில் பரிசு வாங்குவது நன்றாக வரையும் ஒரு பிள்ளை, மிச்சப் பேர் கைதட்டத்தான். இந்தச் சுவரில் கை நடுங்குகிற பிள்ளைக்கும் மண் சலிக்கிற வேலையாவது இருக்கும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் யாராவது செய்து பார்க்கத் தயார் என்றால் சாரமும் பழைய பிரஷ்களும் நான் கொண்டுவருகிறேன், கூலி வேண்டாம். மே மாதம் மட்டும் கூப்பிடாதீர்கள், அப்போதுதான் எங்களுக்கு நாலு காசு வரும்.

இப்படிக்கு,
சுவர் எழுதும் தொழிலாளி ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.