கேபிளுக்குப் பணம் கொடுக்கும் முன் திரை கட்டிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டில் உயர்தர ஆடியோ வைத்துப் பாட்டுக் கேட்கிறவர்களைப் பற்றி வந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இந்த ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர் என்று எழுதியிருந்தது உண்மை. ஆனால் "கருவியின் அளவுகளை நம்பாதீர்கள், காதுதான் நீதிபதி" என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு, ஓய்வூதியப் பணத்தை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கர் கேபிள் வாங்கப் புறப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஆடுதுறையில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

காது நீதிபதி என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "ராத்திரி சத்தத்தைக் குறைச்சு வச்சு வீணை கேட்டா, தந்தி ஓயுற இடத்துல மணல் உரசுற மாதிரி இருக்கு தம்பி. சத்தமா வச்சா தெரியல" என்றார். அதற்கு முன் சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டியிருக்கிறார். அவர்கள் முழுச் சத்தத்தில் வைத்து அளந்து, டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) மிகவும் குறைவு, செட்டில் ஒன்றுமில்லை, உங்கள் காதுக்குத்தான் வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டி, ஒரு வாட்டுக்கும் கீழே இறக்கிப் பார்த்தேன். அலை மேலிருந்து கீழே வந்து பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் சின்னதாக ஒரு மடிப்பு. ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் கைவிட்டு அடுத்தது பிடிப்பதற்குள் விழுகிற இடைவெளி அது. முழுச் சத்தத்தில் அலை பெரிது, மடிப்பு அதே அளவுதான். சதவீதக் கணக்கில் அது காணாமல் போய்விடும். மெல்லிய சத்தத்தில் அலையே சின்னது என்பதால் மடிப்புதான் முன்னால் நிற்கும். அந்த இடைவெளி விழாமல் டிரான்சிஸ்டர்களில் எப்போதும் சிறு மின்னோட்டத்தை ஓட வைப்பது பயாஸ்; அதைச் சரிசெய்யும் பிரிசெட் என்ற குட்டித் திருகு தேய்ந்து தொடர்பு விட்டிருந்தது. புதிது போட்டு, எமிட்டர் ரெசிஸ்டரில் மில்லிவோல்ட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்பினேன். கோடு நேரானது. அந்த ஆசிரியரின் காது சொன்னது முழுக்கச் சரி. மீட்டரும் பொய் சொல்லவில்லை. எங்கே வைத்துப் பார்க்க வேண்டுமோ அங்கே வைத்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் ஃபீட்பேக்கை (வெளியே வருவதில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டுப் பிழை திருத்தும் முறை) அள்ளிப் போட்டு, டிஸ்டார்ஷன் எண்ணைப் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்களாக்கி விளம்பரம் செய்த காலம் ஒன்று உண்டு. கேட்டவர்கள் சிலர், ஏதோ கூசுகிறது என்றார்கள். பின்லாந்துப் பொறியாளர் மத்தி ஒட்டாலா 1970-ல் காரணத்தை எழுதினார்: திடீரென்று தாவி எழும் ஒலியின் வேகத்துக்கு அந்தச் சர்க்யூட் ஈடுகொடுக்க முடியாமல் ஒரு கணம் திணறுகிறது. அளக்கிறவர்கள் வைத்திருந்ததோ சத்தம் ஏறியிறங்காத, நிலையான அலை. மிருதங்கத்தின் சாப்பு அப்படிப்பட்ட அலை இல்லையே. பிறகு அதை அளக்கவும் வழி செய்தார்கள்.

இதற்கு பின்லாந்து வரை போக வேண்டியதும் இல்லை. ஆடுதுறைக்கு அடுத்திருப்பது நரசிங்கம்பேட்டை. அங்கே செய்கிற நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை உங்கள் பத்திரிகையும் போட்டிருந்தது. முன்பு எல்லாரும் வாசித்தது திமிரி. குட்டையானது, சுருதி தூக்கலானது. அதில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்று குறைப்பட்டவர் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைக் கேட்டுவிட்டு, "உங்கள் காதுக்கு அப்படி" என்று சொல்லவில்லை. குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிச் செய்து நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைக் கொடுத்தார். குறையைக் கண்டுபிடித்தது காது, தீர்த்தது அளவுகோல். இன்றைக்குப் பாரியை யார் வாசித்தாலும் அந்த மத்திமம் வருகிறது என்றால், அது அளவாக நிலைத்துவிட்டதால்தான்.

எண்களைக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு, மறுக்கவில்லை. '1000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று, ஒரு கண உச்ச சக்தி என்ற பெயரில், ஸ்டிக்கர் ஒட்டிய செட்டுகளை எத்தனையோ திறந்திருக்கிறேன். உள்ளே 12-0-12, அதாவது முனைக்கு முனை 24 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 72 வாட்டுக்கு மேல் உள்ளே வர வழியில்லாத பெட்டி 1000 வாட்டை வெளியே எங்கிருந்து கொடுக்கும்? அது அளவே இல்லை, விற்பனைப் பேச்சு.

சரி, அப்புறம் எனக்கு என்ன வருத்தம்? காது என்று நாம் சொல்வதற்குள் கண்ணும் விலைப்பட்டியலும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அமெரிக்காவில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் ஸ்பீக்கர்களை வெளிப்படையாக வைத்தும் திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்கச் சொன்னார்கள். அதே ஆட்கள், அதே ஸ்பீக்கர்கள். கொடுத்த மதிப்பெண் மட்டும் மாறியது. டூல் பல வருடம் செய்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது. திரை போட்டுவிட்டால் பெரும்பாலானவர்களின் ரசனை கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. அவர்கள் தேர்ந்தெடுப்பது, கருவியில் அளந்தால் தாழ்ந்த சுருதி முதல் உச்சம் வரை மேடு பள்ளம் இல்லாமல் ஒலிக்கிற ஸ்பீக்கரைத்தான். காதைத் தனியாக விட்டால் அது மீட்டரோடு சண்டை போடுவதில்லை.

கும்பகோணத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் நாங்களும் செய்து பார்த்தோம். அவர் வாங்கியிருந்த ஸ்பீக்கர் கேபிளின் விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். எதிர்ப்பக்கம் நான் வைத்தது எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். கொசுவலைக் கயிற்றில் எட்டு முழ வேட்டியைத் தொங்கவிட்டு எல்லாவற்றையும் மறைத்தோம். ஜன்னலுக்கு வெளியே என் பையன் காசைச் சுண்டி, விழுந்ததைப் பார்த்து சுவிட்சை மாற்றி எழுதிக்கொண்டான். அதற்கு முன் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டிலும் வோல்ட் ஒரு சதவீதத்துக்குள் ஒன்றாக இருப்பதை உறுதி செய்தோம். இதைச் செய்யாமல் எந்தச் சோதனையும் செல்லாது. ஒன்று சற்று உரக்க இருந்தால், நம் காது அதை "சத்தம் அதிகம்" என்று சொல்லாது. "தெளிவு அதிகம், உயிர் இருக்கிறது" என்றுதான் சொல்லும்.

கேட்டவர்களில் ஒரு தவில் வித்வானும் இருந்தார். தவிலின் வலப்பக்கமான வலந்தலைச் சொல்லில் விரல் கூடு விழுகிற ஒலியை வைத்தே தோல் எவ்வளவு இழுத்திருக்கிறது என்று சொல்லக்கூடியவர். கேபிளில் அவரும் சரி, மற்றவர்களும் சரி, பூவா தலையா போட்டுச் சொன்னால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான் சொன்னார்கள். அதே திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மாற்றியதும், தாளத்தின் இரண்டாவது சுற்று முடியும் முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. காதில் குறை ஒன்றுமில்லை. கேபிளில் கேட்பதற்கு வித்தியாசம் இல்லை. கணக்கும் அதைத்தான் சொல்கிறது: அந்தச் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் தடை சுமார் 0.12 ஓம்; 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன் அதனால் குறைவது ஒலியின் அலகான டெசிபலில் எட்டில் ஒரு பங்கு, காதுக்குத் தெரியாத அளவு.

இப்படி அவசரமாக மாற்றி மாற்றிக் கேட்டால் நுட்பம் தெரியாது, மாதக்கணக்கில் பழகினால்தான் தெரியும் என்று நண்பர் சொன்னார். நியாயமான பேச்சு. அப்படியானால் கேபிளைத் துணி சுற்றி மறைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது சொல்லாமல் மாற்றி வைக்கச் சொல்லி, மாதக்கணக்கிலேயே கேட்கட்டும். பார்வைக்கு அழகாக இருக்கிறது, அதனால் வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால் அதிலும் எனக்குக் குறை இல்லை.

பணம் போட வேண்டிய இடம் வேறு. மொசைக் தரை, வெற்றுச் சுவர், மேலே ஃபேன் முழு வேகத்தில்; இதுதான் நம் பக்கத்து அறை. பன்னிரண்டு அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் தாழ்ந்த ஒலி ஓரிடத்தில் பொங்கும், இன்னோரிடத்தில் மறையும். நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்தால் தவிலின் இடப்பக்கத் தொப்பியின் ஒலி மாறுவதை யாரும் கேட்கலாம். அந்த நண்பர் வீட்டில் ஸ்பீக்கரைச் சுவரை விட்டு நகர்த்தி, கீழே கனமான ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் புத்தக அலமாரியை நிறுத்தினோம். புதிதாக எதுவும் வாங்கவில்லை. வித்வான் அன்று நீண்ட நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்த மாதிரிக் கட்டுரை வரும்போது, ஒரு பொருளைப் புகழ்கிறவரிடம் "சத்தத்தைச் சமமாக்கி, மறைத்து வைத்துக் கேட்டீர்களா?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் சேர்த்து அச்சிடுங்கள். வாங்கும் முன் தாங்களே சோதித்துப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு, அன்று பயன்படுத்திய சுவிட்சுப் பெட்டி என் கடையில் இருக்கிறது. இரவலாகத் தருகிறேன், வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்,
ஆடுதுறை.